முகாம்: சிங்கப்பூர்

தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியிலும் அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் ஒருவர் அயல்நாட்டு வேலைக்குப் புறப்பட்டுவிட்ட செய்தியைச் சொல்லும் வாக்கியங்களில் போகிறவர் எழுவாயாக வருவது அரிது. ‘பையனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிட்டாங்க’, ‘மூத்தவன ஏத்திவிட்டாச்சு’ என்பன போன்ற பேச்சில் அவர் செயப்படுபொருளாகவே நிற்கிறார். புலம்பெயர்வை ஆராய்ந்த நூல்களோ நெடுங்காலம் போகிறவரையே எழுவாயாக வைத்து எழுதப்பட்டன. 1885இல் ‘இடப்பெயர்வின் விதிகள்’ என்ற கட்டுரையை வெளியிட்ட ராவென்ஸ்டைன் தொடங்கி, 1970இல் நகரத்தில் கிடைக்கக்கூடிய கூலியையும் அது கிடைப்பதற்கான வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்துக் கிராமத்தான் கிளம்புகிறான் என்று கணக்கிட்ட ஹாரிஸ், டொடாரோ வரை, இங்கே வருவாய் குறைவு, அங்கே அதிகம், ஆகவே அவன் முடிவெடுத்தான் என்ற ஒற்றை மனிதனின் கணக்காகவே அது விளக்கப்பட்டது. அந்தக் கணக்கு பிழையானதன்று. ஆனால் அதைப் போட்டவர் யார், எந்தத் தாளில் போட்டார் என்ற கேள்விகள் அதில் விடுபட்டுப்போகின்றன.

பேராவூரணிக்கும் அறந்தாங்கிக்கும் இடைப்பட்ட ஒரு கடைமடைக் கிராமத்தைப் பொறுத்தவரை அந்தத் தாள் மொய் நோட்டாக இருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அக்கிராமத்தில் 1970களின் தொடக்கத்தில் பிறந்து, கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே ஊரார் வீட்டு விசேஷங்களில் மொய் எழுத உட்கார வைக்கப்பட்ட ஒருவரின் நினைவுகளே இதற்கு ஆதாரம். இனி அவர் கட்டுரையாளர் என்றே குறிக்கப்படுவார். எவர் வீட்டுப் பெட்டியில் எவ்வளவு கடன் எழுத்தாகக் கிடக்கிறது என்பதை வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அறிந்தவர் மொய் எழுதுபவரே ஆவார் என்பதும், அறிந்ததை வெளியில் சொல்லாமல் இருப்பதே அந்த வேலைக்குரிய தகுதி என்பதும் அவருக்கு மிகச் சிறு வயதிலேயே விளங்கியிருந்தன.

கடைமடை என்பது கால்வாயின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1934இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளைக் கடந்து அறந்தாங்கிப் பக்கம் முடிகிறது. நூற்றாண்டுகளாகக் காவிரி பாய்ந்த பழைய டெல்டாவோடு ஒப்பிட இது நேற்று வந்த ஆறு என்பதால், மக்கள் இன்றும் இதைப் புது ஆறு என்றே அழைக்கின்றனர். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்பட்டால் தலைமடைக்காரர் நாற்று விட்டு நடவும் முடித்த பிறகே கடைமடைக்குத் தண்ணீர் எட்டும்; திறப்பு தள்ளிப்போன ஆண்டுகளில் எட்டாமலும் போகும். ஆகவே இந்தப் பகுதியின் உழவர் கால்வாய்த் தண்ணீரை நம்பியதைக் காட்டிலும் ஏரியையும், பின்னர் ஆழ்துளைக் கிணற்றையும், அவற்றைக் கொண்டு வளர்த்த தென்னையையும் நம்பினர். நெல்லில் விட்டதைத் தென்னையில் பிடிப்பது என்ற கணக்கு ஒரு தலைமுறைக் காலம் பொய்க்காமல் நடந்தது.

அயல்நாடு என்பது இப்பகுதிக்குப் புதிய எண்ணமும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும், அதன்பின் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்த கங்காணிகள் சுற்றிவந்த ஊர்களில் இவையும் அடங்கும். கங்காணி என்பவர் தோட்டத்தில் கூலிகளை மேய்ப்பவராக இருந்தபடியே தம் சொந்த ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, உறவினரையும் ஊராரையும் அழைத்துச் சென்ற இடையாள் ஆவார். இலங்கையில் அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டு, அந்தக் கடனைத் தீர்ப்பவர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டில் குறிக்கப்பட்டது. ‘துண்டு’ எனப்பட்ட அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பயண உதவியோடு மலாயாவுக்குக் கூலித் தொழிலாளரை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. கட்டுரையாளரின் பாட்டனார் தலைமுறையில் மலாயாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளைத் தேக்குத் தூண்களைக் கொண்டு தெருவில் அடையாளம் காண முடிந்தது. திரும்பாதவர்களின் வீடுகளுக்கு அடையாளம் இல்லை, அவர்களுடைய பங்கு நிலம் யாருடைய உழவில் இருக்கிறது என்ற வழக்கு மட்டும் நீண்டது. சிறுவனான கட்டுரையாளர் அக்கரைச் சீமையைப் பற்றி முதலில் கேட்டது அந்த வழக்குகளின் வாயிலாகத்தான்.

கங்காணி காலத்துக்கும் பின்வந்த காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே தொடரில் சொல்லிவிடலாம்: முன்னது முன்பணம் கொடுத்து ஆள் எடுத்தது, பின்னது முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கிறது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின் வளைகுடா நாடுகளில் தொடங்கிய கட்டுமானப் பெருக்கமும், 1980களில் சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் சுரங்க ரயிலுக்குமாக எழுந்த ஆள் தேவையும், போக விரும்புவோரின் எண்ணிக்கையைக் கிடைக்கும் இடங்களைவிடப் பன்மடங்காக ஆக்கிவிட்டன. விசா, பின்னாளில் சிங்கப்பூருக்குப் ‘பர்மிட்’ எனப்படும் வேலை அனுமதி, விலைக்குரிய சரக்காயிற்று. வறுமையே மக்களை அயல்நாட்டுக்குத் துரத்துகிறது என்ற பொதுக்கருத்து தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை அறவே இல்லாதவர் வாங்க முடியாது.

ஊரின் தென்புறத்துக் குடியிருப்பில், நிலமும் அடகுக்கு நகையும் இல்லாத ஆதிதிராவிடக் கூலிக் குடும்பங்களிலிருந்து 1980களிலும் 1990களிலும் ஆட்கள் போனது கேரளத்துக்கும், திருப்பூருக்கும், செங்கல் சூளைகளுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குமாக இருந்தது. பேருந்துக் கட்டணம் இருந்தால் போகக்கூடிய இடங்கள் அவை. சிங்கப்பூருக்குப் போனவர்கள் ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர், ஐம்பது தென்னை என்று எதையாவது சொல்லிக்கொள்ள இருந்த வீட்டுப் பிள்ளைகள். கடற்கரையை ஒட்டிய அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற முஸ்லிம் ஊர்களில் நிலத்துக்குப் பதிலாக உறவு அந்த வேலையைச் செய்தது. பயணம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த ‘சபுர்’ என்பதும், பயணம் போய்ச் சம்பாதிப்பவரைக் குறிக்கும் ‘சபுராளி’ என்பதும் அங்கே அன்றாடச் சொற்கள். மைத்துனர் அனுப்பும் விசாவுக்குப் பணம் கேட்க மாட்டார்கள், அல்லது பிறகு வாங்கிக்கொள்வார்கள். உட்பகுதி உழவர் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட மைத்துனர்கள் அன்று இல்லை. முதலில் போனவர் பத்தாண்டு தங்கி வேர்விட்ட பிறகே அவர்களுக்கும் அது வாய்த்தது.

அதுவரை பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மீண்டும் மொய் நோட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. மொய் என்பது விசேஷ வீட்டுக்கு உறவினரும் ஊராரும் கொடுக்கும் பணம். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அது கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்யப்பட வேண்டியது. வாசலில் போடப்பட்ட மேசையில் ஒருவர் பணத்தை வாங்கி, ஊர், தெரு, தகப்பனார் பெயர், தொகை என்று உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதுவார். ஊர்ப் பெயர் முதலில் வர வேண்டும் என்பதிலும், ஒரே பெயருடையவர்களைத் தகப்பனார் பெயர் கொண்டு பிரிக்க வேண்டும் என்பதிலும் பெரியவர்கள் கண்டிப்பாக இருந்தனர், ஏனெனில் தவறாக எழுதப்பட்ட மொய் இரண்டு குடும்பங்களின் பேச்சுவார்த்தையை முறிக்க வல்லது. பேராவூரணியை ஒட்டிய பகுதிகளிலும் வடகாடு, கீரமங்கலம் வட்டாரங்களிலும் இந்த வழக்கம் மொய் விருந்து என்ற தனி நிறுவனமாகவே வளர்ந்தது: திருமணமோ மஞ்சள் நீராட்டோ இல்லாமலும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்ற முறை வைத்து, ஆடி மாதத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து கறி விருந்து போட்டு, கொடுத்து வைத்ததைத் திரட்டிக்கொள்வது. வட்டி என்ற சொல் அங்கே உச்சரிக்கப்படாது. ஆனால் நூறு வாங்கியவர் நூறே திருப்பினால் அவர் உறவை முடித்துக்கொள்கிறார் என்று பொருள்.

அழைப்பிதழில் காதணி விழா என்று அச்சிட்டிருக்கும். கிணறு வெட்ட, வீட்டுக்கு ஒட்டுப் போட, கல்லூரிக் கட்டணம் கட்ட என்று பணம் போகும் வழிகள் பலவாக இருந்தபோதும், 1990களின் நடுவில் கட்டுரையாளர் எழுதிய நோட்டுகளில் பெரிய தொகை தேறிய பலவற்றை அடுத்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் அந்த வீட்டிலிருந்து ஒருவர் விமானம் ஏறினார். காது குத்தப்பட்டது தங்கைக்கு, போனது அண்ணன். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பணத்தை எண்ணி முடித்தவுடன், தகப்பனார் நோட்டை மீண்டும் திருப்பச்சொல்லி, தொகை சொல்லிக்கொண்டே வரும்படி கட்டுரையாளரைக் கேட்டது பல வீடுகளில் நடந்தது. வாசிக்க வாசிக்க அவருடைய முகத்தில் கூட்டல் நடப்பது தெரியும். ஏஜென்ட் கேட்ட தொகைக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அந்தக் கூட்டல் என்பது பிறகே புரிந்தது. அந்த அறையில் போக வேண்டிய பையன் பெரும்பாலும் இருக்க மாட்டான். பந்தலில் பாத்திரம் கழுவுகிறவர்களோடு நின்றிருப்பான், அல்லது நண்பர்களோடு பேராவூரணியில் இரண்டாம் ஆட்டத்துக்குப் போயிருப்பான்.

இதற்கு ஆய்வுலகம் பெயர் கண்டது 1985இல். ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் என்ற இருவர், புலம்பெயரும் முடிவு தனிமனிதனுடையது அன்று, குடும்பத்தினுடையது என்றும், கூலி வேறுபாட்டைவிட இடர்ப்பகிர்வே அதன் உட்பொருள் என்றும் வாதிட்டனர். இடர்ப்பகிர்வு என்பது ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைக்காதிருப்பது போன்றது என்று பாடநூல்கள் எழுதும். கடைமடைக்காரரின் மொழியில் அது, ஒருத்தன் வயலில், ஒருத்தன் கடையில், ஒருத்தன் அக்கரையில். மழை பொய்த்தாலும் சிங்கப்பூரில் கட்டடம் எழும், அங்கே வேலை நின்றாலும் இங்கே தேங்காய் விழும். அரசு வழங்கும் பயிர்க் காப்பீடும், தாமதமின்றிக் கிடைக்கும் கூட்டுறவுக் கடனும் இருந்திருந்தால் அந்த மூன்றாவது பிள்ளை போயிருக்க மாட்டான் என்ற முடிவுக்கு இந்தக் கோட்பாடு இட்டுச் செல்கிறது. இது பாதி உண்மை என்றே கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

மறுபாதி மாடி வீட்டில் இருக்கிறது. அதே அறிஞர்கள் ஒப்பீட்டு இழப்புணர்வு என்ற ஒன்றையும் பேசினர். தன் வருவாய் குறையாதபோதும், பக்கத்து வீட்டான் உயர்ந்ததனால் தான் தாழ்ந்ததாக உணர்வது என்று அதை விளக்கலாம். 1986ஐ ஒட்டித் தெருவில் முதல் சிங்கப்பூர்க்காரர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தவை கோடாலித் தைலம், நான்கு கைலி, ஒரு டேப் ரிக்கார்டர். கைலி கிழிந்தது, தைலம் தீர்ந்தது. மூன்றாம் ஆண்டில் அவர் எழுப்பிய காங்கிரீட் வீடுதான் தெருவையே மாற்றியது. அதுவரை ஓட்டு வீடுகள் என்று ஒருவரும் தனியாகச் சொல்லாத வீடுகள் அன்றிலிருந்து ஓட்டு வீடுகள் ஆயின. பெண் பார்க்க வருகிறவர்கள் எத்தனை ஏக்கர் என்று கேட்பதை விட்டு, பையன் பர்மிட்டில் இருக்கிறானா என்று கேட்கத் தொடங்கினர். நிலத்தை வைத்து மாப்பிள்ளையை எடைபோட்ட ஊரில் நிலத்தின் எடை குறைந்துவிட்ட பின், அதை ஒத்தி வைப்பதில் இருந்த தயக்கமும் குறைந்தது. ஒத்தி என்பது நிலத்தைக் கடன் கொடுத்தவர் கைக்கே உழவுக்கு விட்டுவிட்டு, அசலைத் திருப்பும் நாளில் மீட்டுக்கொள்ளும் அடமான முறை, விளைச்சலே வட்டி. ஒத்திக்கு விட்ட வயலில் அடுத்தவர் நாற்று நடுவதைத் தினமும் கடந்து போக வேண்டியிருக்கும் என்பதால், அது கடைசி வழியாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

மொய்யும் ஒத்தியும் போக மீதியை நிரப்பியது நகை. இங்கே பெண்களின் பங்கைப் பற்றி ஆய்வுகள் போதிய அளவு பேசியிருப்பதாகத் தெரியவில்லை. மணமான ஆண் புறப்படும்போது அடகுக் கடைக்குப் போவது மனைவியின் தாய்வீட்டுச் சீர். அது அவளுடையது என்பதில் ஊருக்கு ஐயமில்லை, மாமியாரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார். ஆகவே எழுவாயாக இல்லாத கணவனின் பயணத்தில் தடுப்பாணை வழங்கும் உரிமை கொண்ட ஒரே ஆள் அவளே ஆகிறாள். பலர் கொடுத்தனர், சிலர் தாலி போக மீதி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வரும்வரை மஞ்சள் கயிற்றோடு இருப்பதாக எவரும் கேட்காமலே சொன்னதுண்டு. கொடுக்க மறுத்த ஒரு பெண்ணையும் கட்டுரையாளர் நினைவில் வைத்திருக்கிறார். அவளுடைய கணவர் அந்த ஆண்டு போகவில்லை, அடுத்த ஆண்டு அவளுடைய அண்ணன் செலவில் போனார். அவள் காரணத்தை எவருக்கும் விளக்கவில்லை, பத்துப் பவுனையும் பின்னர் மகளுக்குப் போட்டாள்.

ஏஜென்ட் கேட்கும் தொகையைப் பற்றிச் சட்டம் சொல்வது வேறு, ஊர் அறிந்தது வேறு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள் சேர்ப்பவருக்குப் பதிவை விதித்து, அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு வைத்தது. பள்ளி இறுதி தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. சிங்கப்பூர் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு அரசு 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தபோதிலும், அதன் பெயரை அந்தக் கிராமத்தில் எவரும் உச்சரித்துக் கட்டுரையாளர் கேட்டதில்லை. ஊர் அறிந்தது ஏஜென்டைக்கூட அன்று, ஏஜென்டுக்கு ஆள் பிடிப்பவரை. அவர் பக்கத்து ஊர்க்காரராக, பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் உறவினராக இருப்பார், அதனாலேயே ரசீது கேட்பது நாகரிகக் குறைவாகத் தோன்றும். 1990களின் தொடக்கத்தில் ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்த தொகை, கட்டுமான வேலைக்கான திறன் தேர்வு கட்டாயமானபின் பயிற்சி மையத்துக்கு ஒரு பங்கு, பர்மிட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிந்து, 2010களில் மூன்று லட்சத்தைத் தொட்டது. கட்டுரையாளரின் சொந்தத் தம்பிக்காக அவ்வாறு ரசீது இல்லாமல் கட்டிய முதல் தவணை திரும்பாமல் போயிற்று. பணம் வாங்கியவர் மறு ஆண்டும் வீட்டு விசேஷத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போனார், அந்த மொய்யை எழுதியவரும் கட்டுரையாளரே.

அந்தத் தொகையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒருவர் ஏன் போனார் என்பதைவிட, போனவர் ஏன் திரும்பவில்லை என்பது தெளிவாகும். 2014ஐ ஒட்டிப் புதிதாகப் போகும் கட்டடத் தொழிலாளிக்கு ஒரு நாள் அடிப்படைக் கூலி 18 வெள்ளி என்பது வழக்கமாகக் காதில் விழுந்த தொகை. வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலரின் தமிழ்ப் பெயர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 48 ரூபாய். 26 நாளுக்கு 468 வெள்ளி. மிகைநேர வேலை கிடைத்தால் 700 வரை ஏறும். சாப்பாடும் தொலைபேசியும் போக 500 வெள்ளி ஊருக்கு வருவதாகக் கொண்டால் 24,000 ரூபாய். மூன்று லட்சத்துக்கு ‘இரண்டு வட்டி’, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், மாதம் 6,000. வீட்டுச் செலவுக்கு 8,000 போனால் அசலுக்கு மிஞ்சுவது 10,000. அசலைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் திருப்புவதாகக் கொண்டால் கடன் தீர முப்பது மாதம். பர்மிட்டின் காலமோ பொதுவாக இரண்டாண்டு. புதுப்பிக்கப்படாமல் திரும்பினால் கடனோடு திரும்ப வேண்டும், புதுப்பிக்க வேண்டுமானால் நிறுவனத்தின் நல்லெண்ணம் வேண்டும், நல்லெண்ணம் வேண்டுமானால் தங்குமிடம், கூலிப் பிடித்தம் முதலியவற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. போவதற்காக வாங்கிய கடனே இருப்பதற்கான காரணமாகிவிடுகிறது. 1921இல் ஒழிந்த துண்டின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. சீட்டு இப்போது முதலாளியிடம் இல்லை, உறவினர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த இந்தியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். அவர்களில் இருவர் இந்த ஊர்க்காரர்கள். தோல்பையும் சட்டையுமாக வந்து இறங்கியவர்களைப் பார்க்கத் தெருவே கூடியது. இனி ஒருவரும் போக மாட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டனர். ஓராண்டு முடிவதற்குள் இருவரில் ஒருவர் சவூதிக்குப் போனார். பாலைவனத்தில் பட்ட துன்பத்தை மறந்துவிட்டாரா என்று கேட்டவருக்கு அவர் சொன்ன மறுமொழி, அங்கே பட்டது இரண்டு மாதம், இங்கே கடன்காரர் வாசலுக்கு வந்தது பதினோரு மாதம் என்பதாகும்.

கடனை மட்டுமே வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். காதலை முறிக்க அனுப்பப்பட்டவர், பங்காளிச் சண்டையில் வெட்டு விழுந்துவிடும் என்று அஞ்சி அனுப்பப்பட்டவர், ‘ஊரில் உருப்படாமல் சுற்றுகிறான்’ என்று அனுப்பப்பட்டவர் என ஒவ்வொரு தெருவிலும் உண்டு. 2000க்குப் பின் தென்புறக் குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் போகத் தொடங்கினர். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படித்த இளைஞர்களுக்கு முன்னர் போன உறவினர் ஒருவர் பின்நிற்க, குழுக் கடனும் கந்துவட்டியுமாகப் பணம் புரண்டது. அவர்களில் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, அங்கேயும் வெயில்தான், அங்கேயும் திட்டுதான், ஆனால் திட்டுகிறவன் தன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை என்றார். கூலி வேறுபாட்டைக் கணக்கிடும் எந்தச் சூத்திரத்திலும் இதற்கு இடம் இல்லை. அறுவடை இயந்திரம் வந்து வயல் வேலை நாள்கள் சுருங்கியதும் அதே காலத்தில்தான் என்பதால் எது எதனால் என்று பிரிப்பது கடினம். ஆயினும் இயந்திரம் வராத ஆண்டுகளிலேயே அந்த இளைஞர்கள் நடவுக்குக் கூப்பிட்டால் போகாதிருந்தனர் என்பதைக் கட்டுரையாளர் கண்டிருக்கிறார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல், இந்தப் பகுதியின் கணக்குப் புத்தகத்தையே வேரோடு சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் விடிந்து பார்த்தபோது தோப்புகள் தரைமட்டமாகக் கிடந்தன. சாய்ந்த மரங்களின் தலைகள் ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தன. மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. விழுந்த மரங்களை அறுத்து அகற்ற ஆள் கூலியும் இயந்திர வாடகையும் ஏறிக்கொண்டே போக, அரசு மரம் ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாயும் அகற்றும் செலவுக்கு 500 ரூபாயும் அறிவித்தது. நாற்பது ஆண்டு காய்த்த, இன்னும் முப்பது ஆண்டு காய்க்கக்கூடிய மரத்துக்கு அது என்ன விலை என்று எவரும் சண்டையிடவில்லை; அதிர்ச்சியில் வாய் எழாமல் இருந்தது. நெட்டை இரகத் தென்னங்கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த ஆறேழு ஆண்டுகளைக் குடும்பம் எதைக் கொண்டு கடப்பது என்ற கேள்விக்கு ஊர் அறிந்த விடை ஒன்றுதான் இருந்தது. மூன்று பர்மிட் காலம் ஒரு தென்னையின் பாளைக்குச் சமம் என்று சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கணக்குச் சொன்னார். அதுவரை வீட்டில் ஒருவர் என்று இருந்தது, கஜாவுக்குப் பின் இருவர் ஆயிற்று. அதுவரை தோப்பைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி வைக்கப்பட்ட மூத்த பிள்ளைகளும், பார்த்துக்கொள்ளத் தோப்பு இல்லாமல், நாற்பதை நெருங்கிய வயதில் கடவுச்சீட்டு எடுக்கத் திருச்சிக்குப் பேருந்து ஏறினர்.

புயலுக்கு அடுத்த ஆடியில் மொய் விருந்துகள் மிக மங்கலாக நடந்தன. முறை வந்தவர்கள் விருந்து போடாமல் இருக்கவும் இயலாது, போட்டால் வாங்கியவரால் திருப்பவும் இயலாது என்ற நிலையில், எழுதப்பட்ட தொகைகள் சுருங்கின. பழைய மொய்யில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தலையைக் கவிழ்த்துச் சொன்னவர்கள் பலர். அந்த ஆண்டு கட்டுரையாளர் எழுதிய நோட்டுகளில் முழுத் தொகையும் வந்த வரிகளில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. ஊரில் இல்லாதவர் சார்பில் மனைவியோ தகப்பனாரோ கொடுக்கும் மொய்யில், பெயருக்குப் பின் அவர் இருக்கும் இடத்தையும் குறிப்பது வழக்கம்: ‘முகாம்: சிங்கப்பூர்’, ‘முகாம்: துபாய்’. தங்கியிருக்கும் இடம் நிலையானதன்று, படை இறங்கியிருப்பது போல் தற்காலிகமானது என்ற பொருளில் வந்த சொல் அது. இருபது ஆண்டுகளாகச் சிங்கப்பூரிலேயே இருந்தவருக்கும் முகாம் என்றே எழுதினர்.

2020 மே மாதத்துக்குப் பின் திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களும், தொற்றுக் காலத்தைச் சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டுக் கழித்தவர்களும், பழைய குவைத் இருவரைப் போலவே, இனிப் போவதில்லை என்றனர். மொய் விருந்துகள் மீண்டும் சூடுபிடித்தபோது கையால் எழுதும் வழக்கம் குறைந்து, கணினியில் பதிந்து அச்சிட்ட ரசீது கொடுக்கும் ஆட்கள் வந்துவிட்டனர். பணத்தை எண்ண இயந்திரமும் உண்டு. ஊர், தெரு, தகப்பனார் பெயர், தொகை என்ற வரிசை மட்டும் மாறவில்லை. அத்தகைய ஓர் ஆடி மாதத்தில் கட்டுரையாளர் தம் பழைய மொய்யைத் திருப்பிச் செய்துவிட்டு வாங்கிய ரசீதில், விருந்து நடத்தியவரின் பெயருக்குக் கீழே, இனிப் போவதில்லை என்று சொன்ன அவருடைய மகன் பெயர் இருந்தது. பக்கத்தில் முகாம் என்று அச்சாகி, ஊர்ப் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பிழையா என்று கேட்டபோது, பர்மிட் இன்னும் வரவில்லை, எந்த நாடு என்று தெரிந்ததும் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருப்பதாக அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார்.